தலைக்கு மேல் ஐந்து பேர்

ஆண்டுக்கு இரண்டு முறை, நண்பகலில் சில நிமிடங்கள், விழுப்புரத்தில் நிழல் இல்லாமல் போகிறது. ஏப்ரல் 21, 22 வாக்கில் ஒரு முறை. ஆகஸ்ட் 20, 21 வாக்கில் மறுமுறை. நட்டு வைத்த கம்பத்தின் நிழல் அதன் அடியிலேயே அடங்கிவிடும். விழுப்புரம் நிலநடுக்கோட்டுக்கு ஏறக்குறைய 12 டிகிரி வடக்கே இருக்கிறது, திண்டிவனம் இன்னும் கால் டிகிரி தள்ளி. அதனால் சித்திரை இரண்டாம் வாரம் முதல் ஆவணி முதல் வாரம் வரை உச்சிப் பொழுதில் சூரியன் தலைக்கு நேர் மேலே, அல்லது சற்றே வடக்கே சாய்ந்து நிற்கிறது. தெற்குச் சுவரில் அந்த மாதங்களில் உச்சி வெயில் விழுவதே இல்லை. கிழக்குச் சுவர் காலையில் காய்கிறது, மேற்குச் சுவர் சாயங்காலம் காய்கிறது. காலை ஒன்பது முதல் மாலை நான்கு வரை விடாமல் காய்வது மொட்டை மாடிதான்.

கையில் இருப்பது கொஞ்சம் பணம், இருப்பது பத்துக்குப் பத்து அறை, அதைச் சுகமான படுக்கையறை ஆக்க வேண்டும் என்று இந்த இரண்டு ஊர்களில் யார் கேட்டாலும், என் பதில் அந்த மொட்டை மாடியில்தான் தொடங்கும். பத்திரிகைப் படங்களில் வரும் அழகான சிறு அறைகளில் கனத்த திரைச்சீலை இருக்கும், தரையில் கம்பளம் இருக்கும், கட்டிலில் இரண்டு அடுக்குப் போர்வை இருக்கும், மூலையில் மெழுகுவத்தி எரியும். அவை குளிர் நாட்டு அறைகள். டிசம்பர் கடைசியில் கோபன்ஹேகனில் பகல் ஏழு மணி நேரம்தான். அங்கே உள்ள சூட்டை வெளியே விடாமல் காப்பதுதான் சுகம். இங்கே உள்ளே வந்துவிட்ட சூட்டை வெளியே அனுப்புவது சுகம். அந்தப் படத்தைப் பார்த்து இங்கே பணம் செலவழித்தால், செலவழித்த ஒவ்வொரு ரூபாயும் தூக்கத்துக்கு எதிராக வேலை செய்யும்.

சூட்டை அளக்க ஓர் அளவுகோல் வேண்டும். அறையில் படுத்துத் தூங்கும் மனிதரையே அளவாக எடுத்துக்கொள்வோம். வளர்ந்த ஒருவர் தூங்கும்போது அவர் உடல் ஏறக்குறைய 75 வாட் சூட்டை வெளியேற்றிக்கொண்டே இருக்கிறது. சாப்பிட்ட சோறு எரிந்து முடிவது அப்படித்தான். இதை ‘ஓர் ஆள் சூடு’ என்று வைத்துக்கொள்ளலாம். எரியும் ஒரு மெழுகுவத்தி தருவது கிட்டத்தட்ட ஓர் ஆள் சூடு. பழைய வகை சீலிங் ஃபேன் முழு வேகத்தில் இழுக்கும் மின்சாரமும் 75 வாட் அளவில்தான்; அதுவும் கடைசியில் சூடாகவே அறைக்குள் தங்குகிறது. கணவன், மனைவி, ஒரு குழந்தை, ஒரு ஃபேன் என்றால் ஏறக்குறைய மூன்றரை ஆள் சூடு.

இப்போது மேலே பார்ப்போம். பத்துக்குப் பத்து அறையின் தளம் 9.3 சதுர மீட்டர். சித்திரை வெயில் நண்பகலில் சதுர மீட்டருக்கு 900 முதல் 1,000 வாட் வரை பொழிகிறது. ஆக அந்த ஒரு தளத்தின் மேல் மட்டும் எட்டு, ஒன்பது கிலோவாட். ஒன்றரை டன் ஏசி ஒன்று வெளியேற்றக்கூடிய சூடு ஐந்து கிலோவாட்டுக்குச் சற்று மேல்தான் என்பதை நினைத்துப் பாருங்கள். பாசியும் தூசும் படிந்த பழைய கான்கிரீட், விழும் வெயிலில் 70 சதவீதம் அளவுக்கு உறிஞ்சிக்கொள்ளும். அதில் பெரும் பங்கு காற்றோடும் வானத்தோடும் போய்விடுகிறது. மிச்சம் கீழே இறங்குகிறது, ஆனால் மெதுவாக. ஐந்து அங்குல கான்கிரீட்டைக் கடந்து வர அதற்கு மூன்றிலிருந்து நான்கு மணி நேரம் ஆகிறது. ஒரு மணிக்கும் இரண்டு மணிக்கும் மேற்பரப்பு உச்சத்தில் கொதித்தால், உள்பக்கம் உச்சத்தைத் தொடுவது மாலை ஐந்து, ஆறு மணிக்கு. சூரியன் மறைந்த பிறகும், அடுப்பை அணைத்த பின் சூடு ஆறாத தோசைக்கல்லாக, தளம் நள்ளிரவு தாண்டியும் சூட்டை விட்டுக்கொண்டிருக்கும்.

இரவு ஒன்பது மணிக்கு உட்பக்கத் தளம் 40 டிகிரி, அறை 33 டிகிரி என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால், அந்தத் தளம் அறைக்குள் இறக்கும் சூடு 390 வாட் வருகிறது. ஐந்து ஆள் சூடு! தூங்குகிற மூன்று பேருக்கு மேல், கண்ணுக்குத் தெரியாத ஐந்து பேர் கூரையை ஒட்டிப் படுத்திருக்கிறார்கள். அறை சின்னது என்று நாம் வருந்துகிறோம். உண்மையில் அது மேலே ஆள் நிறைந்த அறை.

இதைச் சோதித்துப் பார்க்கக் கருவி வேண்டாம். மே மாதத்தில் இரவு ஒன்பது மணிக்கு ஃபேனை நிறுத்திவிட்டு ஸ்டூல் போட்டு ஏறி, உள்ளங்கையைத் தளத்துக்கு ஒரு சாண் கீழே பிடியுங்கள். தொட வேண்டாம். தொடாமலே சூடு தெரியும். பிறகு இறங்கி வந்து அதே கையை மேற்குச் சுவரருகே பிடியுங்கள், அடுத்து கிழக்குச் சுவரருகே, கடைசியில் தரைக்கு அருகே. நான்கு இடத்திலும் காற்று ஏறக்குறைய ஒன்றுதான். கை சொல்வது வேறு வேறு. கதிர்வீச்சு என்று பள்ளியில் படித்தது இதுதான். சுவரில் தொங்கும் வெப்பமானி காற்றின் சூட்டை மட்டும் சொல்கிறது. உடலோ காற்றோடும் பேசுகிறது, சுற்றியுள்ள ஆறு பரப்புகளோடும் பேசுகிறது. வெப்பமானி 31 காட்டும்போதும் புழுங்கித் தவிப்பதற்குக் காரணம் இது.

தூக்கத்துக்கு இது ஏன் இவ்வளவு முக்கியம்? கண் அயரும் நேரத்தில் உடலின் உள் வெப்பம் மெல்லக் குறையத் தொடங்க வேண்டும். அதற்காகக் கை கால்களில் ரத்தக் குழாய்கள் விரிந்து, உள் சூட்டைத் தோலுக்குக் கொண்டுவந்து வெளியே கொட்டுகின்றன. சுவிட்சர்லாந்தின் பாசெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1999இல் நேச்சர் இதழில் இதைக் காட்டினார்கள்: கை கால்களின் வழியே சூடு எவ்வளவு விரைவாக வெளியேறுகிறதோ அவ்வளவு விரைவாகத் தூக்கம் வருகிறது. தலைக்கு மேல் 40 டிகிரிப் பரப்பு ஒன்று நம்மைப் பார்த்துக்கொண்டிருந்தால், சூடு போக வேண்டிய திசையிலிருந்தே சூடு வருகிறது. மிச்சமுள்ள வழி வியர்வை மட்டும். மணிக்கு நூறு மில்லி வியர்வை முழுவதும் காற்றில் ஆவியானால் அது எடுத்துச் செல்வது 67 வாட், ஓர் ஆள் சூட்டுக்குக் கொஞ்சம் குறைவு. கடலோர ஈரப்பதத்தில் அது ஆவியாகாமல் தலையணையில் வழிவதுதான் நம் துன்பம்.

நம் வீடுகள் எப்போதும் இப்படி இருந்ததில்லை. விழுப்புரம் வட்டாரத்தில் கரும்பு விளைகிறது. கரும்புச் சோகை வேய்ந்த வீடுகள் இங்கே சாதாரணம். பனை ஓலையும் தென்னங்கீற்றும் உண்டு. வேய்ந்த கூரை, கான்கிரீட்டோடு ஒப்பிட்டால் சூட்டை இருபதில் ஒரு பங்குதான் கடத்தும். வசதியுள்ளவர்களின் மச்சு வீடுகளில் தேக்கு உத்தரங்களின் மேல் மெல்லிய செங்கற்களைச் செங்குத்தாக நிறுத்தி, அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்த்து இடித்து, மேலே தட்டோடு பாவினார்கள். மெட்ராஸ் டெரஸ் என்று பொறியாளர்கள் அழைக்கும் தளம் அது. சூடு அதைக் கடந்து உள்ளே வருவதற்குள் பொழுது சாய்ந்துவிடும்.

ஆனால் கூரை வீடு தீப்பிடிக்கும், மழைக்கு ஒழுகும், இரண்டு ஆண்டுக்கொரு முறை மாற்றி வேய வேண்டும். கோடையில் ஒரு தெருவே எரிந்து போன செய்திகளைப் படித்து வளர்ந்த மாவட்டம் இது. அதனால் 2010இன் கலைஞர் வீட்டு வசதித் திட்டமும், 2011இல் வந்த சூரிய சக்தி பசுமை வீடுகள் திட்டமும், 2024இல் தொடங்கிய கலைஞர் கனவு இல்லமும் கான்கிரீட் தளத்தைக் கொடுத்தது பெரிய நன்மை. அதைக் குறை சொல்ல மாட்டேன். பசுமை வீட்டின் மொத்தப் பரப்பே 300 சதுர அடி. அதற்குள் ஒரு படுக்கையறையும் வந்தது. கான்கிரீட்டால் தீயும் ஒழுகலும் போயின, சூடு வந்தது. அந்தச் சூட்டைக் குறைப்பதற்கான செலவு, வீடு கட்டிய செலவோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது.

பொங்கலுக்கு முன்னால் நாம் சுவருக்கு வெள்ளையடிக்கிறோம். மிஞ்சிய சுண்ணாம்பை வாளியோடு கொல்லையில் கொட்டிவிடுகிறோம். அந்த வாளி மாடிக்குப் போக வேண்டும் என்பதுதான் இந்த அத்தியாயத்தின் மையம். புதிதாக அடித்த சுண்ணாம்பு வெள்ளை, விழும் வெயிலில் 70 சதவீதத்தைத் திருப்பி அனுப்பிவிடும். ஆறு கிலோவாட் உறிஞ்சிய தளம் இரண்டரை கிலோவாட்டோடு நின்றுவிடும். சுண்ணாம்புக்கு இன்னொரு குணம் உண்டு. வெயிலைத் திருப்பி அனுப்புவதோடு, தான் ஏற்ற சூட்டையும் அகச்சிவப்புக் கதிராக வானத்துக்கு நன்றாக வீசிவிடுகிறது. பளபளக்கும் உலோகத் தகடு வெயிலைத் திருப்பினாலும் இந்த இரண்டாவது வேலையில் மோசம். அதனால்தான் புதுத் தகரமும் கை வைக்க முடியாமல் சுடுகிறது. உள்பக்கத் தளம் நான்கு டிகிரி குறைந்தால் போதும். மேலே படுத்திருக்கும் ஐந்து பேரில் மூன்று பேர் எழுந்து போய்விடுவார்கள்.

செய்முறை எளிது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து தளம் நன்கு காய்ந்த தை, மாசியில் செய்யலாம். தென்னந்துடைப்பம் போதாது, கம்பி பிரஷ்ஷால் பாசியைத் தேய்த்து எடுத்து, கழுவி, ஒரு நாள் காயவிட வேண்டும். கிளிஞ்சல் சுண்ணாம்பை முந்தின நாள் இரவே தண்ணீரில் ஊற வைத்து, துணியில் வடிகட்டி, ஒட்டுவதற்குக் கொஞ்சம் ஃபெவிகாலும் வெள்ளை சிமென்ட்டும் சேர்க்க வேண்டும். பால் பதத்துக்கும் மோர் பதத்துக்கும் நடுவில் இருந்தால் சரி. முதல் பூச்சு வடக்குத் தெற்காக, காய்ந்தபின் இரண்டாவது பூச்சு கிழக்கு மேற்காக. வெயில் தாழ்ந்த பிறகு அடித்தால் பூச்சு வெடிக்காது. கண்ணில் சுண்ணாம்பு படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பத்துக்குப் பத்து அறைக்குச் சில நூறு ரூபாயில் முடியும். அறை சின்னது என்பது இங்கே நமக்கு லாபம். அடுத்த மழை அதில் பாதியைக் கரைத்துவிடும், எனவே ஆண்டுதோறும் அடிக்க வேண்டும். கடையில் விற்கும் கூல் ரூஃப் பெயின்ட் சில ஆண்டுகள் தாங்கும், விலை பல மடங்கு.

ஒரு எச்சரிக்கை. தளத்தில் மயிர்க்கோடாக விரிசல் இருந்தால் முதலில் அதை அடைக்க வேண்டும். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது திண்டிவனத்துக்கு அருகே உள்ள மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அந்த மாதிரி மழையில் விரிசல் வழியே இறங்கும் நீர் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும், சுவரில் பூஞ்சை பூக்கும், படுக்கையறை மாதக் கணக்கில் நாறும். வெள்ளைப் பூச்சு விரிசலுக்கு மருந்து ஆகாது.

வெள்ளையடிக்க வழியில்லாதவர்களுக்குத் தண்ணீர் இருக்கிறது. நம் பத்துக்குப் பத்துத் தளத்தின் எடை ஏறக்குறைய இரண்டே முக்கால் டன். அதை ஒரு டிகிரி குளிர்விக்க எவ்வளவு சூட்டை எடுக்க வேண்டுமோ, கிட்டத்தட்ட அதே அளவு சூட்டை ஒரே ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகும்போது எடுத்துச் செல்கிறது. ஒரு லிட்டருக்கு ஒரு டிகிரி! காற்றிலிருந்தும் கொஞ்சம் சூடு எடுக்கப்படும் என்பதால் நடைமுறையில் பலன் குறையும், ஆனாலும் ஒரு குடம் தண்ணீரின் வேலை கண்கூடாகத் தெரியும். நண்பகலில் ஊற்றினால் வீண். சூரியன் மறையும் நேரத்தில், பழைய சாக்குகளை விரித்து அவற்றின் மேல் தெளிக்க வேண்டும். சாக்கு நீரைப் பிடித்து வைத்து மெல்ல மெல்ல விடும். உப்புத் தண்ணீர் வரும் போர்வெல் என்றால் இது வேண்டாம், கம்பிக்குக் கேடு.

அடுத்தது காற்று. திண்டிவனத்துக்குக் கிழக்கே மரக்காணம் கடற்கரை, விழுப்புரத்துக்குக் கிழக்கே புதுச்சேரி. இரண்டும் முப்பத்தைந்து, நாற்பது கிலோமீட்டர் தூரம். மேல்காற்று பலமாக அடிக்காத நாட்களில் பிற்பகலுக்கு மேல் கடற்காற்று இந்த ஊர்களை வந்து தொடுகிறது. அந்த நேரத்தில்தான் கொசுவுக்குப் பயந்து எல்லா வீட்டிலும் ஜன்னலைச் சாத்துகிறார்கள். கிழக்கு ஜன்னலுக்கு வலை அடிப்பது, இந்த அறைக்கு நீங்கள் செய்யக்கூடிய இரண்டாவது நல்ல செலவு. பகல் பத்து மணி முதல் ஐந்து வரை ஜன்னலைச் சாத்தி வைத்து, அதன் பிறகு இரவு முழுவதும் திறந்து வையுங்கள். உள்ளே வரும் காற்றுக்கு வெளியே போகவும் வழி வேண்டும். பழைய கட்டடங்களில் தளத்துக்கு ஓர் அடி கீழே வென்டிலேட்டர் விட்டார்கள். சூடான காற்று தங்குவது அங்கேதான். இன்று அதை அட்டை வைத்து அடைத்திருக்கிறோம். அட்டையை எடுத்துவிட்டு அங்கேயும் வலை அடியுங்கள்.

ஃபேன் காற்றைக் குளிர்விப்பதில்லை. தோலை ஒட்டி நிற்கும் ஈரமான காற்றுப் படலத்தைக் கலைத்து, வியர்வை ஆவியாக இடம் கொடுக்கிறது. மூன்று டிகிரி குறைந்தது போன்ற உணர்வு அதனால் கிடைக்கும். வெப்ப நாட்டுக்காரர்களுக்கு அது போதும் என்று நம் ஆய்வுகளே சொல்கின்றன. ரூர்க்கியின் மத்திய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த எம்.ஆர். சர்மாவும் ஷராஃபத் அலியும் 1986இல் வெளியிட்ட வெப்பமண்டலக் கோடைக் குறியீடு, காற்றோட்டத்தையும் ஈரப்பதத்தையும் கணக்கில் சேர்த்து, இந்தியர்களுக்கு இதமான எல்லை 25 முதல் 30 டிகிரி என்றது. ஏசியை 18இல் வைத்துப் போர்வைக்குள் புகுவது நம் உடல் கேட்ட சுகம் அல்ல. பழைய ஃபேனை மாற்றும் காலம் வந்தால் 30 வாட் அளவில் ஓடும் பிஎல்டிசி ஃபேன் வாங்கலாம். இரவுக்குப் பத்து மணி நேரம் ஓடினால் இரண்டு மாத பில்லில் 27 யூனிட் குறையும், அறையிலிருந்து பாதி ஆளும் குறைவார்.

படுக்கைக்கு வருவோம். ரப்பர் மெத்தையும் ஸ்பாஞ்ச் மெத்தையும் முதுகுப் பக்கம் முழுவதையும் மூடி, சூடு போகும் வழியை அடைத்துவிடுகின்றன. தரைத்தளத்தில் இருப்பவர்கள் கோரைப் பாயில் தரையிலேயே படுப்பது அறிவியலின் கண்ணில் மிகச் சரியான முடிவு. தரை மண்ணோடு சேர்ந்திருப்பதால் பகல் வெயில் அதை எட்டுவதில்லை, கூரையிலிருந்தும் அதுவே அதிக தூரம். முதுகு வலிக்கிறவர்களுக்கு, வயதானவர்களுக்கு, கயிற்றுக் கட்டிலும் மெல்லிய இலவம்பஞ்சு மெத்தையும் நல்லவை. அடியிலிருந்து காற்று ஏறும். கட்டிலை மேற்குச் சுவரிலிருந்து நகர்த்தி, அந்த இடத்தில் துணி அடைத்த பீரோவை வையுங்கள். சுவருக்கும் உங்களுக்கும் நடுவே அது தடுப்பாக நிற்கும். ஸ்டூல் மேல் நின்று சோதித்த கைக்கு இந்த ஏற்பாட்டின் நியாயம் உடனே புரியும்.

வெளிச்சத்தைப் பற்றி ஒரே ஒரு செய்தி. நம் வீடுகளில் எரிவது பெரும்பாலும் நீலம் தூக்கலான வெள்ளை எல்இடி. கண்ணின் விழித்திரையில் பார்ப்பதற்கென்று இல்லாமல், பொழுதை அறிவதற்கென்றே சில செல்கள் இருப்பதை 2002இல் டேவிட் பெர்சன், சாமர் ஹத்தார் ஆகியோரின் ஆய்வுகள் காட்டின. நீல ஒளி அவற்றை உசுப்பி, இன்னும் பகல்தான் என்று மூளைக்குச் சொல்ல வைக்கிறது. படுக்கையறைக்கு மட்டும் மஞ்சள் நிற எல்இடி போடுங்கள். நூறு ரூபாய் அளவில் கிடைக்கும். சின்ன அறை அழகாகத் தெரிவதும் அந்த வெளிச்சத்தில்தான்.

புதிதாகக் கட்டப் போகிறவர்கள் தொலைவில் தேட வேண்டாம். வானூர் வட்டத்தில் பரவியிருக்கும் ஆரோவில்லில், 1989 முதல் இயங்கும் ஆரோவில் மண் கட்டடக் கழகம், மண்ணோடு ஐந்து சதவீத அளவு சிமென்ட் சேர்த்து அழுத்திச் செய்த, சூளையில் சுடாத கற்களால் சுவரும் வளைவுக் கூரையும் கட்டிக் காட்டுகிறது. பார்த்துவிட்டு வந்து கொத்தனாரோடு பேசுங்கள்.

வாடகை மாடிப் போர்ஷனில் இருப்பவர்கள் தளத்தில் கை வைக்க வீட்டுக்காரரைக் கேட்க வேண்டும். அதைக் கேட்கத் தயங்காதீர்கள்; தளம் குளிர்ந்தால் வெடிப்பும் குறையும், அது அவருடைய சொத்துக்கும் நல்லது. அதைவிடப் பெரிய கேள்வி அரசிடம் இருக்கிறது. தெலங்கானா 2023இலேயே குளிர்கூரைக் கொள்கை வகுத்து, அரசுக் கட்டடங்களுக்கு அதைக் கட்டாயமாக்கியது. தமிழ்நாடு 2024இல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்திருக்கிறது. அப்படி அறிவித்த அரசு, தான் கட்டித் தரும் ஒவ்வொரு சின்ன வீட்டின் மதிப்பீட்டிலும் கூரைக்கான வெள்ளைப் பூச்சு என்று ஒரு வரி சேர்க்க வேண்டும். அதுவரை, அடுத்த பொங்கலுக்குச் சுவருக்கு அடித்து மிஞ்சும் சுண்ணாம்பை மாடிக்குக் கொண்டு போங்கள்.